காரைக்கால் நாயும் காப்பீடும்: ஓர் எல்லைப்புற ஆய்வு

வீட்டு நாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்ற வினா தமிழில் இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. சங்கப் பாட்டில் வேட்டை நாய் உண்டு, அது துரத்திய பன்றியும் முயலும் உண்டு, பிரீமியம் இல்லை. நாலடியார் ஒரு படி மேலே போகிறது. யானை போன்றவர்களின் சிநேகம் வேண்டாம், நாய் போன்றவர்களின் சிநேகமே நல்லது என்கிறது. யானை பழகிய பாகனையே கொல்லும். நாயோ எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்று காரணமும் சொல்கிறது. நட்புக்கு இது நல்ல இலக்கணம். காப்பீட்டுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. வேல் பாய்ந்த நாயும் வாலாட்டும் என்றால், நோய் தொடங்கிய தேதியை எதை வைத்து நிர்ணயிப்பது? பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது என்று விதி எழுதியவர்கள் நாலடியார் படித்தவர்களாகத் தெரியவில்லை.

இந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: காரைக்கால். ஆய்வுப் பொருள்: ஒரு நாய். ஒரே ஒரு நாயை வைத்துப் பொதுவிதி வகுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதைவிடக் குறைந்த தரவில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே சௌக்கியமாக இருக்கிறார்கள்.

ஆய்வுப் பொருள்

பெயர் கப்பல். ஆண். கறுப்பு, நான்கு பாதமும் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டும் வெள்ளை. வலது காது நிமிர்ந்திருக்கும், இடது காது பாதியில் மடியும். வயது மூன்று என்பேன் நான். ஐந்து என்பார் எதிர்வீட்டு அத்தை. பிறந்த இடம் அரசலாற்று முகத்துவாரத்துப் பக்கம், கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு ஃபைபர் படகின் அடியில். தெருப்பிள்ளைகள் தூக்கி வந்தார்கள். பெயரும் அவர்கள் வைத்ததுதான்.

காலையில் எங்கள் வீட்டு இட்லி. மதியம் அத்தை வீட்டு மீன்குழம்புச் சோறு. சாயங்காலம் தெருமுனை மளிகைக்கடை நானா போடும் உடைந்த வர்க்கியும் ரொட்டித்தூளும். இரவில் கடை வாசல் சாக்கு, அல்லது எங்கள் திண்ணை, அல்லது அத்தையின் மகன் வண்டிச் சீட்டு. சீட்டில் படுப்பது அவன் எழுந்து பார்க்கும்வரை.

முதல் சிக்கல் இங்கேயே வருகிறது. காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை விதி ஒன்று உண்டு: ஒரு பொருள் அழிந்தால் நட்டம் எனக்கு என்று காட்ட முடிந்தவர்தான் அதற்குக் காப்பீடு எடுக்க முடியும். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்கு நான் தீக்காப்பீடு எடுத்துவிட்டு நெருப்பு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கப்பல் அழிந்தால் நட்டம் யாருக்கு? எனக்கு இரண்டு இட்லி மிச்சம். அத்தைக்கு மீன் தலை மிச்சம். நானாவுக்கு மட்டும்தான் இரவுக் காவல் போகும் என்ற நட்டம். ஆனால் காவல் வேளையில் கப்பல் தூங்குவதை ஊரே பார்த்திருக்கிறது.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. காப்பீட்டுத் தொழில் வளர்ந்ததே கப்பலை வைத்துத்தான். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்ட் லாய்டு நடத்திய காப்பிக்கடையில் கப்பல்காரர்களும் பணக்காரர்களும் கூடினார்கள். ஒரு கப்பல் முழுகினால் வரும் நட்டத்தைப் பலர் பங்கு போட்டுக்கொண்டு, தாளின் அடியில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் தெருவிலும் ஒரு கப்பலைப் பலர் பங்கு போட்டுத்தான் தாங்குகிறோம். கையெழுத்து மட்டும் யாரும் போடவில்லை.

முன்னாய்வுகள்

விலங்குக் காப்பீட்டின் மூலவர் ஸ்வீடன் நாட்டு கிளாஸ் விர்கின். 1890-இல் குதிரைக்கும் மாட்டுக்கும் தொடங்கினார். அதே நாட்டில் 1924-இல் முதல் நாய்க்குப் பாலிசி எழுதினார்கள். பிரிட்டனில் 1947. அமெரிக்காவில் 1982, அங்கே முதல் பாலிசி தொலைக்காட்சியில் லாஸ்ஸியாக நடித்த நாய்க்கு. லாஸ்ஸியின் வேலை என்ன? ஆற்றிலும் நெருப்பிலும் மாட்டிக்கொண்டவர்களை மீட்பது. பிறருக்காக ஆபத்தில் குதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நாய்க்குக் கொடுத்துத்தான் கணக்கைத் தொடங்கினார்கள். அந்தத் துணிச்சலைக் காப்பீட்டு உலகம் அதற்குப் பிறகு எங்கும் காட்டியதாகத் தெரியவில்லை.

பிரான்ஸை விட்டுவிட்டுக் காரைக்காலில் எந்த ஆய்வும் நடக்காது. 1739-இல் வந்தவர்கள் 1954 நவம்பர் 1 வரை இருந்தார்கள். காகிதத்தில் 1962 ஆகஸ்ட் 16 வரை. அவர்கள் நாட்டில் 1855-இல் நாய்களுக்கு வரி போட்டார்கள். நாய்ச்சமூகத்தை அந்தச் சட்டம் இரண்டு வகுப்பாகப் பிரித்தது: ஆசைக்கும் வேட்டைக்கும் வளர்ப்பவை முதல் வகுப்பு, காவலுக்கு வளர்ப்பவை இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்புக்கு வரி அதிகம். மடியில் படுத்திருந்த நாய்களெல்லாம் அன்றிரவே காவல் நாய்களாக மாறியிருக்கும் என்று ஊகிக்க வரலாற்றுப் பேராசிரியர் தேவையில்லை. கப்பலை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. பிரெஞ்சு அதிகாரிக்கும் புரிந்திருக்காது.

இன்றைய பிரான்ஸ் நிலவரம் அங்கே குடியேறிவிட்ட என் பெரியம்மா மகள் வழியாகக் கிடைத்தது. சொல்தா குடும்பம், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வாங்கிய பென்ஷனில் கட்டிய வீடு இன்னும் இங்கே பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா கேட்டார்:

"எங்க நாய்க்கு நாங்க முத்துயல் போட்டிருக்கோம்டா. ஒங்க கப்பலுக்குப் போட்டியா இல்லியா?"

முத்துயல் என்று அக்கா சொன்னது அந்த ஊர்க் காப்பீட்டை. அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். முத்துவேல் யாரோ புதிதாக வந்திருக்கும் மாட்டு டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, "அவரு ஃபீஸ் எவ்ளோ வாங்குறாரு?" என்றார். இந்த ஆய்வில் எழுந்த கேள்விகளில் மிகச் சரியான கேள்வி அதுதான் என்பது பின்னால் விளங்கும்.

காவிரிப் படுகையில் விலங்குக் காப்பீடு என்றால் மாடு. 1973 ஜனவரி 1-இல் பொதுக்காப்பீடு அரசுடைமையான பிறகு, வங்கிக் கடனில் வாங்கிய கறவை மாட்டுக்கு இன்சூரன்ஸ் என்பது வழக்கமாகிவிட்டது. அதன் வேதவாக்கியம் ஒன்றுதான்: காதில் வில்லை இல்லையென்றால் க்ளெய்ம் இல்லை. மாடு செத்தால் சொந்தக்காரர் அழுதுகொண்டே முதலில் செய்கிற காரியம் வில்லை பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது. அதனால் நாய்க்கு இன்சூரன்ஸ் என்று நான் வாயைத் திறந்ததும் அத்தை கேட்ட இரண்டு கேள்விகளும் துறை சார்ந்தவை:

"காதுல வில்ல அடிப்பாங்களா தம்பி? லோன் எவ்ளோ வாங்குன?"

வில்லை கிடையாது, கடனும் கிடையாது என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம். கடனும் இல்லாமல் எதற்கு ஒரு மனிதன் விலங்குக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்?

நாய்க்கு வில்லைக்குப் பதில் சிப். அரிசி மணி அளவு. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். உள்ளே 15 இலக்க எண். 2020 ஆகஸ்டில் பஜாஜ் அலையன்ஸ் நாய்க் காப்பீட்டை அறிமுகம் செய்தபோது, அடையாளச் சிப் உள்ள நாய்க்குப் பிரீமியத்தில் தள்ளுபடி என்று அறிவித்தது. பிரீமியம் அப்போது ஆண்டுக்கு 315 ரூபாயிலிருந்து தொடங்கியது. அறுவை, மருத்துவமனைச் சேர்க்கை, மரணம், தொலைந்து போதல், பிறருக்கு நேரும் சேதம் என்று பிரிவுகள் வரிசையாக உண்டு. நாட்டு நாயும் எடுக்கலாம். அந்தக் கடைசி வரிதான் என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்துவிட்டது. (மனிதர்கள் தனியாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. அந்தச் சலுகையில் 'குடும்பம்' என்று எழுதியவர்கள் நாயை நினைத்து எழுதவில்லை.)

'உங்களுக்கு அருகில்'

காரைக்காலின் பூகோளம் காப்பீட்டுக்காரர்களுக்காக ஏற்பட்டதல்ல. சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நம் தலைநகரமான புதுச்சேரியோ வடக்கே 130 கிலோமீட்டரில். நம் மாநிலத்திலிருந்து நம் மாநிலத்துக்கே போக மயிலாடுதுறை மாவட்டத்தையும் கடலூர் மாவட்டத்தையும் தாண்ட வேண்டும்.

ஏஜென்ட் தம்பி செல்போனில் விண்ணப்பத்தைத் திறந்தான். மாநிலம் என்ற கட்டத்தில் புதுச்சேரியைத் தொட்டான். 'உங்களுக்கு அருகிலுள்ள மருத்துவர்கள்' என்று வந்த பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் புதுச்சேரி நகரத்துக்காரர்கள். அரசாங்கக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேதான், குரும்பாப்பட்டில். தமிழ்நாட்டுக் கணக்கில் பார்த்தால் எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது ஒரத்தநாடு கல்லூரி. திருவாரூர், மன்னார்குடி வழியாகப் போகலாம், புதுச்சேரியைவிடப் பக்கம். ஆனால் நாங்கள் புதுச்சேரி என்று தொட்டுவிட்டோமே. ஒரத்தநாடு பட்டியலில் வராது.

"தமிழ்நாடுன்னு போட்டுருவமா சார்?" என்றான் தம்பி.

ஒரு நாய்க்காக மாநிலம் மாறுவதா? இந்த மண்ணின் இணைப்புக்குப் பாடுபட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? நாய் மட்டும் தினமும் மாறத்தான் மாறுகிறது. தெற்கே வாஞ்சூரில் எல்லை. இந்தப் பக்கம் மதுக்கடைகள், அந்தப் பக்கம் சோதனைச்சாவடி. அங்கே திரியும் நாய்கள் காலைச் சாப்பாட்டைப் புதுச்சேரியிலும் ராத்திரிச் சண்டையைத் தமிழ்நாட்டிலும் வைத்துக்கொள்கின்றன. எல்லைக் கம்பத்தில் அவை செய்யும் காரியத்துக்கு இரண்டு அரசுகளும் இதுவரை ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

ஊருக்குள் சிகிச்சை என்றால் மாட்டாஸ்பத்திரி. நாயைத் தூக்கிக்கொண்டு போனாலும் அதற்குப் பெயர் மாட்டாஸ்பத்திரிதான். காலையில் போனால் செலவு பெரிதாக ஒன்றுமில்லை. மருந்து இருந்தால் கொடுப்பார்கள், இல்லையென்றால் சீட்டு. இரவு பதினொரு மணிக்குப் போனால் பூட்டு. நாடு முழுக்க நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்று ஒரே எண் வைத்திருக்கிறார்கள். காரைக்கால்காரனுக்கு இந்த எண்ணை மறக்க முடியாது. பிரான்ஸ் எங்களைச் சட்டப்படி விட்டுக்கொடுத்த வருஷம். எண் சுலபம், ஆனால் கால்நடை என்ற சொல்லைக் கேட்டால் வண்டிக்காரர் மனதில் வருவது கன்று போட முடியாமல் தவிக்கும் பசு. நாய்க்கு வாந்தி என்று சொல்ல நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அம்மாவின் கேள்வி இங்கேதான் பொருந்துகிறது. அக்காவின் ஊரில் டாக்டர் தெருவுக்குத் தெரு இருக்கிறார், ஃபீஸ்தான் பயம். அந்தப் பயத்துக்கு மருந்து முத்துயல். இங்கே ஃபீஸ் பயமில்லை. ராத்திரியில் டாக்டர் இல்லை. பணம் கொடுப்பதாக ஒரு நிறுவனம் எழுதிக்கொடுக்கலாம், இரவு பதினொரு மணிக்கு அந்தப் பூட்டை எந்தப் பாலிசி திறக்கும்?

நோய்களைப் பார்த்தாலும் இதே கதை. இந்த ஈரக்காற்றில் நாய்க்கு முதல் எதிரி உண்ணி. கப்பலின் காது மடிப்பைத் தூக்கினால் உள்ளே ஆமணக்கு விதை மாதிரி பருத்த பெண் உண்ணி, அதன் வயிற்றடியில் எள்ளளவு ஆண். பெண்ணைப் பிடுங்கித் தரையில் நசுக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் முட்டை. உப்புத் தண்ணீர் டப்பாவில்தான் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையும் நானும் காதுக்கு ஒருவராக உட்கார்ந்து செய்யும் இந்த வேலையில் மூன்று தெருச் செய்திகள் பரிமாறப்படும். உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா காய்ச்சலை 1935-இல் அல்ஜீரியாவில் வைத்து முதலில் எழுதியவர்கள் தொனாத்தியேன், லெஸ்தோக்கார் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். எங்கே போனாலும் இவர்களை விட்டுத் தப்ப முடியாது. மருந்து, இருபத்தெட்டு நாள் டாக்சிசைக்ளின். ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும். பிரீமியத்தைவிடக் குறைந்த காசு. நாயை அட்மிட் பண்ணினால்தான் பணம் என்று நிறுவனம் சொல்லும். அட்மிட் பண்ண இங்கே கட்டில் எங்கே?

பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் இவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. ஊசி போடாத நாய்க்கு இவை வந்தால் க்ளெய்ம் இல்லை. ஊசி போட்ட நாய்க்கு இவை வருவதே அரிது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நிறுவனம் பிழைத்துக்கொள்ளும். வயல்பக்கம் திரிகிற நாய்க்கு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. அது விபத்து, பாலிசி உதவலாம். விஷமுறிவு மருந்து வேளையோடு ஏறினால்தான் உதவிக்கு ஆள் இருக்கும்.

மாங்கொட்டைச் சிக்கல்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. காரைக்கால் நாயின் ஆண்டுக் காலண்டரில் இதைவிட ஆபத்தான நாள் இல்லை.

பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வருவார். வீட்டு மாடிகளிலும் வாசல்களிலும் நிற்பவர்கள் கூடை கூடையாக மாங்கனிகளை இறைப்பார்கள். ஓடி ஓடிப் பிடிப்பார்கள் கீழே இருப்பவர்கள். தப்பியவை தரையில் விழுந்து நசுங்கும். கூட்டம் கலைந்த பிறகு தெருவில் மிஞ்சுவது சாறும் தோலும் கொட்டையும். பைரவருக்கு நாய் வாகனம். பிச்சாண்டவருக்குப் பக்கத்தில் துள்ளுவது மான். ஆக இந்த விழாவில் நாய்க்கு அதிகாரபூர்வமான இடம் கிடையாது. அழைப்பில்லாத விருந்தாளியாகத்தான் அது வருகிறது.

கப்பல் மாங்கொட்டை சாப்பிடும் முறையைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே கொட்டையை நிற்க வைக்கும். தலையைச் சாய்த்து, கடைவாய்ப் பற்களால் நாரை ஓரமாகச் சுரண்டும். கொட்டை வழுக்கி எகிறும். துரத்திப் பிடிக்கும். மறுபடி நிற்க வைக்கும். இன்னொரு நாய் பக்கத்தில் வரும்வரை இது விளையாட்டு. வந்துவிட்டால் போட்டி, கொடுப்பதைவிட விழுங்குவது மேல் என்று தோன்றும் கணம் அது. பெரிய கொட்டை தொண்டையில் போகாது. நீலம் ரக மாங்கொட்டை சிறியது, விழுங்கத் தோதானது. குடலில் போய்க் குறுக்கே உட்காரும். முதல் நாள் வாந்தி, இரண்டாம் நாள் சோறு இறங்காது, மூன்றாம் நாள் எக்ஸ்ரே, பிறகு வயிற்றைக் கிழித்துக் குடலைத் திறந்து எடுக்க வேண்டும். காருக்கு வாடகை, மயக்கமருந்து, தையல், டிரிப்ஸ் என்று தனியாரிடம் போனால் பில் ஐந்து இலக்கத்தைத் தொடும்.

இதோ, பாலிசிக்கு நியாயமான ஓர் இடம் கிடைத்துவிட்டது. அறுவை, அவசரம், பெரிய தொகை. ஆனால் கோட்பாட்டுச் சிக்கல் ஒன்று குறுக்கே வருகிறது. இந்த மாங்கனி சாதாரணக் கனியல்ல. விழாவே ஒரு தெய்வச்செயலின் நினைவு. தெய்வச்செயலால் வந்த குடலடைப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்குமா?

காரைக்கால் அம்மையாரான புனிதவதியாரின் வரலாற்றைக் காப்பீட்டுக் கண்ணோடு யாரும் படிக்காததால் இந்தக் கேள்வி இத்தனை நாள் எழவில்லை. கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாங்கனி அனுப்புகிறான். ஒன்று சிவனடியார் பசிக்குப் போகிறது. இது இழப்பு. கணவன் மற்றொன்றைத் தின்றுவிட்டு, இரண்டாவதைக் கேட்கிறான். அம்மையார் வேண்டுகிறார், கையில் கனி வருகிறது. ஊர் வரலாற்றின் முதல் கேஷ்லெஸ் க்ளெய்ம் இதுதான். காத்திருப்புக் காலமில்லை, படிவமில்லை, அசல் பில் கேட்கவில்லை. கொடுத்ததும் பழையதைவிட உசத்தி. தேய்மானம் கழிக்காததோடு கூடுதலாகவும் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் வருகிறான் சர்வேயர். பரமதத்தன் ருசியில் வித்தியாசம் கண்டுபிடித்து, "இது எங்கிருந்து வந்தது?" என்று விசாரிக்கிறான். உண்மையைச் சொன்ன பிறகும் நம்பாமல், இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். வந்த கனி அவன் கையில் பட்டதும் மறைகிறது. சர்வேயர் பயந்துபோய்க் கப்பலேறி, பாண்டி நாட்டில் போய்க் குடும்பம் நடத்துகிறார்.

இதிலிருந்து ஆய்வாளன் கொள்ளும் கருத்து, விசாரணை அதிகமானால் கனி கைக்கு வராது என்பதே. இன்றைக்கு க்ளெய்ம் போட்டவர்கள் பலரும் இதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் விஷயத்தில் சர்வேயர் ஊரை விட்டு ஓடுவதில்லை.

அம்மையார் தம்மைப் பேய் என்று சொல்லிக்கொண்டார். மாணிக்கவாசகரைப் போல நாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆகவே அவரிடமிருந்து நாயைப் பற்றி நேரடிச் சான்று எடுக்க முடியாது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

இனமும் விலையும்

விண்ணப்பத்தில் இனம் என்று ஒரு கட்டம். தம்பி நாட்டு நாய் என்று போட்டான். அடுத்த கட்டம்: நாயின் மதிப்பு. மரணப் பிரிவில் இந்தத் தொகையை வைத்துத்தான் பணம். லாப்ரடாருக்கு வாங்கிய ரசீது இருக்கும். ராஜபாளையத்துக்கு இப்போது கிராக்கி. 2005-இல் அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டு மரியாதை செய்த இனம். ஃபைபர் படகுக்கு அடியிலிருந்து பிள்ளைகள் தூக்கி வந்ததற்கு யார் ரசீது தருவார்கள்?

"ஐயாயிரம்னு போட்டுக்கலாம் சார். அதுக்கு மேல போட்டா கேள்வி வரும்."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயாயிரமா? போன ஐப்பசி மழையில வீட்டுக்குள்ள வந்த பாம்ப யாரு கண்டது? நீயா வந்து கண்ட?"

தம்பி பத்தாயிரம் என்று திருத்தினான். பத்தாயிரம் என்றால் பிரீமியம் ஏறும் என்றேன் நான். என்னை அத்தை பார்த்த பார்வையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. சந்தை விலை இல்லாத ஒன்றுக்குச் சந்தை எப்படி விலை போடும் என்ற பொருளாதாரச் சிக்கல் நியாயமானதுதான். ஆனால் அதை அத்தையின் வாசலில் நின்றுகொண்டு எழுப்பியிருக்க வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்கிய நாய்க்குப் பாலிசி எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு ரசீது உண்டு, இடுப்பெலும்புக் கோளாறு உண்டு, கூட்டிப்போகக் கார் உண்டு. அது வேறு ஆய்வு.

கடி இயல்

மிச்சம் இருப்பது ஒரே பிரிவு: நாயால் பிறருக்கு நேரும் சேதம். ஆச்சரியமாக, காரைக்காலுக்கு ஒட்டிவருவது இதுதான்.

கப்பல் கடிக்காது. துரத்தும். அதுவும் எல்லாரையும் அல்ல; சைலன்சர் மாற்றிய பைக்கும், கூரியர் பையனின் பெரிய பையும் அதற்கு ஆகாது. துரத்தினால் வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார்; திரும்பிப் பார்த்தால் வேகத்தடை தெரியாது. கடித்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லுமளவுக்கு அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். 1885 ஜூலை 6-இல் ஜோசஃப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்குப் பாஸ்டர் அந்த ஊசியை முதலில் போட்டார். 1907-இல் குன்னூரிலேயே அவர் பெயரில் நிறுவனம் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் செய்த காரியங்களில் நாய்வரியை மறக்கவைக்கும் காரியம் இது. ஊசி இலவசம் என்றாலும், கூரியர் பையனின் முழங்கைக் கட்டு, உடைந்த செல்போன், நாலு நாள் கூலி, இதற்கெல்லாம் யாரிடம் போவான்?

பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. தம்பி கப்பலுக்கு முதலில் போட்ட மதிப்பும் ஐயாயிரம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாய் செத்தால் வருவதும் நாய் கடித்தால் போவதும் ஒரே தொகை. அபராதத்தைப் பாலிசி கட்டாது, நட்டஈட்டைத்தான் கட்டும்.

வசம் என்றால் யார் வசம்? இதற்கு இந்தியச் சட்டத்தைவிட 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம் விவரமாக இருக்கிறது. அதன் 1385-ஆம் பிரிவு (இப்போது அங்கே எண் 1243) சொல்வது: விலங்கு செய்யும் சேதத்துக்குச் சொந்தக்காரர் பொறுப்பு, அல்லது அதைத் தன் உபயோகத்துக்கு வைத்திருப்பவர் பொறுப்பு, பிடியில் இருந்தாலும் சரி, தப்பி ஓடியிருந்தாலும் சரி. 'உபயோகத்துக்கு' என்ற இடத்தில் என் பென்சில் நின்றது. நான் இட்லி போடுகிறேன், பிரதிபலன் இல்லை. அத்தைக்கும் பாம்பு தவிர லாபமில்லை. கப்பலை உபயோகிப்பவர் கடைவாசலில் சாக்கு விரித்துக் கொடுத்திருக்கும் நானா ஒருவரே.

கூட்டம் நானாவின் கடையில் நடந்தது. நான் முடிவுகளை வாசித்தேன்: மருத்துவப் பிரிவு தேவையில்லை, அந்தப் பணத்துக்கு வருஷாந்திர ஊசியும் உண்ணி மருந்தும் வாங்கி வைப்பது, மாங்கனி இறைப்பு அன்று காலையிலிருந்து மறுநாள் தெரு கூட்டும்வரை கப்பலை அத்தை வீட்டுக் கொல்லையில் கட்டுவது, பிறருக்கு நேரும் சேதத்துக்கான பிரிவு மட்டும் வேண்டும். அது தனியாக வராது, மருத்துவப் பிரிவோடு சேர்ந்துதான் வரும் என்றான் தம்பி. ஆகவே வேண்டாததையும் சேர்த்து வாங்கியாக வேண்டும். பிரீமியத்தை மூன்று வீடும் பங்கு போட வேண்டும். சாப்பாட்டு வேளைக் கணக்கில் பிரிக்கலாம் என்றேன். மதியச் சோறுதான் கனம், அதற்காகத் தன் பங்கை ஏற்றக்கூடாது என்றார் அத்தை. பிறகு பிரெஞ்சுச் சட்டத்தை எடுத்துச் சொல்லி, உபயோகம் என்ற வகையில் பெரும்பங்கு நானாவுடையது என்று மெதுவாகச் சொன்னேன்.

நானா சர்க்கரைப் பொட்டலம் மடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டார். நூலைச் சுற்றி அறுத்தார்.

"மொத்தத்தையும் நானே கட்டிருறேன் தம்பி. கூரியர்ப் பையன விட்டுட்டு, கடன் பாக்கி வச்சிட்டு அடுத்த தெரு வழியா போறானுவல்ல, அவனுவள மட்டும் தொரத்தச் சொல்லு."